யார் வேலை போனது?

2016இல் டொரோண்டோவில் நடந்த ஒரு கருத்தரங்கில், ரேடியாலஜிஸ்ட்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார் ஜெஃப்ரி ஹிண்டன். ஐந்து ஆண்டில், மிஞ்சிப்போனால் பத்து ஆண்டில், படம் பார்த்து நோய் சொல்வதில் கணினி அவர்களை முந்திவிடும் என்பது அவருடைய கணக்கு. கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டி ஓடிவந்துவிட்டு, காலுக்குக் கீழே தரை இல்லாததைக் கவனிக்காமல் அந்தரத்தில் நிற்கும் ஓநாயைப் போல ரேடியாலஜிஸ்ட்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளமான நியூரல் நெட்வொர்க் ஆய்வில் வாழ்நாளையே செலவழித்தவர். 2024இல் ஜான் ஹாப்ஃபீல்டுடன் சேர்ந்து இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்.

ஐந்தாண்டுக் கெடு 2021இல் முடிந்தது. 2025இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 400க்கும் மேற்பட்ட ரேடியாலஜிஸ்ட்கள் இருந்தார்கள். ஹிண்டன் பேசிய ஆண்டைவிட இது 55 சதவீதம் அதிகம். பிரிட்டனில் தேவைக்கு ஏறத்தாழ 30 சதவீதம் ஆள் போதவில்லை என்று அங்குள்ள ரேடியாலஜிஸ்ட்களின் ராயல் காலேஜ் கணக்குச் சொல்கிறது. நம் ஊரில் நீட் முதுநிலைத் தேர்வில் முதல் சில நூறு ரேங்குக்குள் வருபவர்கள் கலந்தாய்வில் அள்ளிக்கொண்டு போகும் இடங்களில் எம்.டி. ரேடியோ டயக்னோசிஸ் இன்றைக்கும் உண்டு. ஹிண்டனும் 2025இல் நியூயார்க் டைம்ஸிடம், தான் மிகப் பொதுப்படையாகப் பேசிவிட்டதாகவும், படத்தைப் பகுத்தாய்வதை மட்டுமே மனதில் வைத்துச் சொன்னதாகவும் ஒப்புக்கொண்டார். கால அளவு தப்பியது, திசை தப்பவில்லை என்பது இப்போது அவர் நிலைப்பாடு.

டிஜிட்டல் தொழில்நுட்பம் இந்தத் துறையில் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. நிறையப் பேரை அனுப்பியது. அவர்களைப் பற்றி எந்தக் கருத்தரங்கிலும் யாரும் ஆரூடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். எல்லாரும் படத்தைப் பார்க்கிற டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவரைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

முதலில் போனவர் இருட்டறை உதவியாளர். எக்ஸ்ரே எடுத்ததும் கேசட்டை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும். கேசட்டைத் திறந்து, விரல் நுனி பதியாமல் ஓரத்தைப் பிடித்து பிலிமை எடுத்து, உலோகச் சட்டத்தில் நான்கு மூலையிலும் கொக்கி மாட்டி, டெவலப்பர் தொட்டிக்குள் இறக்குவார். 20 டிகிரி செல்சியஸில் ஐந்து நிமிடம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மதராஸ் மே மாதத்தில் 20 டிகிரிக்கு எங்கே போவது? தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டி போட்ட நாட்களும் உண்டு, வெப்பத்துக்கு ஏற்ப நேரத்தைக் குறைத்துக்கொண்ட நாட்களும் உண்டு. அனுபவசாலிகள் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். பிலிமைப் பாதியில் தூக்கிச் சிவப்பு விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். வெளியே டெக்னீஷியன் கதிரைக் கொஞ்சம் கூடுதலாகப் பாய்ச்சியிருந்தால், படம் கறுத்துப்போகும் முன்பே உருவிவிடுவார்கள். பிறகு தண்ணீர், ஃபிக்சர், மறுபடி தண்ணீர், உலர்த்தும் அலமாரி. அவசர கேஸ் என்றால் சொட்டச் சொட்ட ஈரப் பிலிமையே டாக்டரிடம் கொண்டு ஓட வேண்டும். நோயாளிக்கு மறுபடி ஒரு முறை கதிர் படாமல் காப்பாற்றியது பல நேரம் இந்தக் கைப்பக்குவம்தான். அது எந்த ரிப்போர்ட்டிலும் பதிவாகவில்லை.

பிலிமில் ஒளி படாத இடத்து வெள்ளி உப்பையெல்லாம் ஃபிக்சர் கரைத்துக்கொள்ளும். பழைய ஃபிக்சரை வாங்கி வெள்ளியைப் பிரித்தெடுக்க ஒரு வியாபாரி வருவார். பத்து வருடப் பழைய பிலிம்களை எடை போட்டு வாங்கிப்போக இன்னொருவர் வருவார். இருட்டறையை நம்பி வெளியிலும் ஒரு பொருளாதாரம் ஓடிக்கொண்டிருந்தது.

1983இல் ஜப்பானின் ஃபூஜி நிறுவனம், பிலிமுக்குப் பதிலாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய தகடு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எக்ஸ்ரேயை அந்தத் தகடு பிடித்துவைத்துக்கொள்ளும். லேசர் ஒளி அதை வருடினால் படம் எண்களாக வெளியே வரும். தொட்டி வேண்டாம், ஐஸ் வேண்டாம். கூடுதலாகக் கதிர் பாய்ந்திருந்தாலும் திரையில் கறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். சிவப்பு விளக்கடியில் பழக இருபது ஆண்டு பிடித்த கைப்பக்குவம் மென்பொருளில் ஒரு நழுவுபட்டையாகிவிட்டது. (அந்த வசதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. கதிர் அதிகமானால் பிலிம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டல் படம் அழகாகவே வரும். அதனால் அளவு தெரியாமல் ஏறிக்கொண்டே போவதைத் தனியாகக் கண்காணிக்க வேண்டியதாயிற்று.)

வேலை போய்விட்டாலும் பதவி போகவில்லை என்பது நம் ஊர் விசேஷம். தமிழ்நாட்டில் இருட்டறை உதவியாளருக்குச் சான்றிதழ் படிப்பே இருக்கிறது. 2020களிலும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அந்தப் பெயரிலேயே ஆள் எடுக்க அறிவிப்பு வெளியிட்டது. தேர்வாகி வருபவர் பெரும்பாலும் நோயாளியை மேஜையில் ஏற்றி இறக்குகிறார், பதிவேடு எழுதுகிறார், தகட்டை ரீடருக்குள் நுழைக்கிறார். பெயர்ப்பலகையில் மட்டும் இருட்டறை இருக்கிறது.

அடுத்தவர் பிலிம் அறைக் குமாஸ்தா. காகித உறையில் எண் எழுதி, அடுக்கில் செருகி, மூன்று மாதம் முந்தைய படத்தை டாக்டர் கேட்டால் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருபவர். சர்ஜன் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய் மறந்துவிட்ட பிலிம்களின் பட்டியல் அவர் தலைக்குள் இருக்கும். அவருக்குப் பின் டைப்பிஸ்ட். அமெரிக்காவில் ரேடியாலஜிஸ்ட் ஒலிநாடாவில் சொல்லிவிட்டுப் போவதைத் தட்டச்சு செய்ய ஆட்கள் இருந்தார்கள். 1990களின் கடைசியில் இணையம் வழியாக அந்த வேலை சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்தது. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்ற பெயர்ப்பலகை ஒரு காலத்தில் தி.நகரிலும் அண்ணா நகரிலும் எத்தனை மாடிப்படி ஓரங்களில் தொங்கியது! பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவர்கள் காதில் ஹெட்ஃபோனும் காலடியில் பெடலுமாக டெக்சாஸ் உச்சரிப்பைப் புரிந்துகொண்டு சம்பாதித்தார்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் தேறிவரத் தேறிவர அந்தப் பலகைகள் கழன்றன. அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் இன்று மைக்கில் பேசப் பேசத் திரையில் எழுத்து விழுகிறது. பிழை திருத்துவதும் அவரே. டைப்பிஸ்டின் சம்பளம் மிச்சமானது, டைப்பிஸ்டின் வேலையில் பாதி டாக்டர் தலையில் ஏறியது. நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் மட்டும், அல்ட்ராசவுண்ட் செய்கிற டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, "லிவர் நார்மல் சைஸ்" என்று அவர் ஆரம்பிக்கும்போதே அடுத்த நாலு வரியைத் தட்டிவிடும் காட்சி இன்னும் மறையவில்லை.

இத்தனைக்கும் வேர், படம் எண்ணாக மாறியதுதான். அந்த மாற்றத்துக்குத் தொடக்கம் எக்ஸ்ரே தகடு இல்லை, சி.டி. ஸ்கேன். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்ணின் தலை முதன்முதலாக அந்தக் கருவிக்குள் போனது. கருவியைச் செய்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். அவர் வேலை பார்த்த நிறுவனம் இஎம்ஐ. பழைய தமிழ்த் திரைப்பாட்டு இசைத்தட்டுகளில் அந்த மூன்று எழுத்தைப் பார்த்தவர்கள் இருப்பார்கள், அதே இஎம்ஐதான். கிடைத்த படம் 80க்கு 80 கட்டம், மொத்தம் 6,400 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண். இன்றும் அந்த எண்ணுக்கு அவர் பெயர்தான் அலகு. தண்ணீருக்குச் சுழியம், காற்றுக்குக் கழித்தல் 1000, கெட்டியான எலும்புக்கு ஆயிரமும் அதற்கு மேலும்.

அந்த எண்கள் ஒரு ரேடியாலஜிஸ்ட்டின் நாளை எப்படி மாற்றின என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவுகோல் சில ஆயிரம் படிகள் நீளமானது. நம் கண்ணால் திரையில் பிரித்தறிய முடிகிற சாம்பல் நிறப் படிகளோ சில டஜன்தான். எனவே முழு அளவுகோலையும் ஒரே படத்தில் காட்டினால் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை விரித்துக் காட்டுவதற்கு விண்டோ என்று பெயர். விபத்தில் அடிபட்டு வந்தவரின் தலை சி.டி.யை மூளை விண்டோவில் பார்த்தால் ரத்தக்கசிவு வெள்ளையாகத் தெரியும், மண்டையோடு வெறும் வெள்ளைப் பட்டையாக இருக்கும். எலும்பு விண்டோவுக்கு மாறினால் அதே பட்டையில் மயிரிழை முறிவு தென்படும், மூளை காணாமல் போகும். மண்டையோட்டை ஒட்டிப் படிந்த மெல்லிய ரத்தத்துக்கு இரண்டுக்கும் நடுவே இன்னொரு விண்டோ. ஆக, ஒரு நோயாளியின் ஒரே ஸ்கேனை மூன்று முறை, அதையும் மேலிருந்து, பக்கவாட்டில், முன்னிருந்து என்று மூன்று திசையில், மவுஸ் சக்கரத்தை உருட்டியபடி மேலும் கீழும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிலிம் காலத்தில் டெக்னீஷியன் பொறுக்கி அச்சிட்டுக் கொடுத்த சில தாள்களோடு வேலை முடிந்தது. எண் காலத்தில் பார்க்க முடிகிற எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய கடமை வந்து சேர்ந்தது.

மேயோ கிளினிக்கில் இதை எண்ணியே பார்த்தார்கள். 1999இல் ஒரு சி.டி. பரிசோதனைக்குச் சராசரியாக 82 படங்கள். 2010இல் 679. எட்டு மணி நேர வேலைநாளில் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் பார்க்கும் ஒரு ரேடியாலஜிஸ்ட் மூன்று நான்கு வினாடிக்கு ஒரு படத்தைப் பார்த்தாக வேண்டும் என்று கணக்கு வந்தது. ஹிண்டனின் ஆரூடம் எங்கே சறுக்கியது என்பதற்குப் பாதி விடை இங்கேயே கிடைக்கிறது. படம் எடுப்பது எளிதாகவும் மலிவாகவும் ஆக ஆக, டாக்டர்கள் அதிகம் எழுதிக்கொடுத்தார்கள். தலைவலிக்கு சி.டி., வயிற்றுவலிக்கு சி.டி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் மையங்களில் சி.டி. ஸ்கேனுக்கு நீண்ட காலம் 500 ரூபாய்தான் கட்டணம். அந்த விலைக்கு ஸ்கேன் கிடைக்கும்போது, எடுத்துப் பார்த்துவிடலாமே என்றுதான் எந்த டாக்டருக்கும் தோன்றும். படம் பெருகியது, பார்க்கிறவர் எண்ணிக்கை அந்த வேகத்தில் பெருகவில்லை.

இப்படிப் பார்க்கிற கண் எதையெல்லாம் தவறவிடும் என்பதற்கு 2013இல் ஒரு சோதனை வந்தது. டிராஃப்டன் ட்ரூவும் கூட்டாளிகளும் நுரையீரல் சி.டி. படங்களில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி, 24 ரேடியாலஜிஸ்ட்களிடம் கொடுத்தார்கள். தேடச் சொன்னது நுரையீரலில் இருக்கும் சிறு முடிச்சுகளை. கொரில்லா, வழக்கமான முடிச்சைப் போல 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைப் பார்க்கவே இல்லை. அவர்கள் விழி எங்கே போனது என்று கருவி வைத்துப் பதிவு செய்ததில், பலருடைய பார்வை கொரில்லாவின் மேலேயே விழுந்து நகர்ந்திருந்தது. செய்தித்தாள்கள் இதைக் கேலியாக எழுதின. எனக்கு இதில் கேலி தெரியவில்லை. முடிச்சைத் தேடு என்று பழக்கிய கண் முடிச்சைத் தேடியது.

நேரம் போதவில்லை என்றால் இரவை வாங்கலாம் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். 1993இல் டைகாம் என்ற பொதுத் தரம் வந்தபின் எந்த நிறுவனத்தின் கருவி எடுத்த படத்தையும் எந்தத் திரையிலும் பார்க்க முடிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை பிலிமே இல்லாத ரேடியாலஜி துறையாக மாறிக் காட்டியது. படம் கம்பி வழியே அடுத்த அறைக்குப் போகுமானால் அடுத்த கண்டத்துக்கும் போகும். 2001இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் தொடங்கிய நைட்ஹாக் நிறுவனம், அமெரிக்க ரேடியாலஜிஸ்ட்களை சிட்னியிலும் சூரிக்கிலும் குடியமர்த்தியது. சிகாகோவில் நள்ளிரவில் விபத்தில் அடிபட்டு வருபவரின் படத்தை சிட்னியில் பகல் வெளிச்சத்தில், தூக்கக் கலக்கம் இல்லாத ஒருவர் பார்ப்பார். அடுத்த ஆண்டு, யேல் பல்கலைக்கழகத்தில் பயின்ற அர்ஜுன் கல்யாண்பூரும் அவர் மனைவி சுனிதா மகேஸ்வரியும் பெங்களூரில் டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸைத் தொடங்கினார்கள்.

அப்போதும் ஒரு ஆரூடம் கிளம்பியது. சாஃப்ட்வேர் வேலை போனதுபோல ரேடியாலஜி வேலையும் இந்தியாவுக்குப் பறந்துவிடும் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. பறக்கவில்லை. காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை, விதிமுறையில் இருக்கிறது. அமெரிக்க நோயாளியின் படத்துக்கு ரிப்போர்ட் தர அந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும், அந்த நாட்டுச் சிறப்புத் தகுதி வேண்டும். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, நாட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்ததற்குப் பணம் தராது. எனவே சிட்னியிலோ பெங்களூரிலோ தருவது முதற்கட்ட ரிப்போர்ட்தான். காலையில் உள்ளூர் டாக்டர் அதே படத்தை மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கம்பி வழியே படம் போகும், பொறுப்பு போகாது. மென்பொருள் வந்து எல்லாரையும் அனுப்பிவிடும் என்று சொன்னவர்கள், பத்துப் பதினைந்து ஆண்டு முன்னால் நடந்த இந்தக் கதையைக் கொஞ்சம் புரட்டியிருக்கலாம்.

அமெரிக்காவுக்கு நடந்தது கடைசியில் இந்தியாவுக்குள்ளேயே நடந்தது. சிறு ஊர்களில் சி.டி. கருவி வாங்கிப் போட ஆள் இருக்கிறது, அங்கே போய்க் குடியிருக்க ரேடியாலஜிஸ்ட் இல்லை. எனவே படிப்பை முடித்த இளைஞர் ஒருவர் வீட்டில் இரண்டு மானிட்டரை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத நாலைந்து ஊர்களின் இரவு கேஸ்களைப் பார்த்துத் தள்ளுகிறார். கேஸுக்கு இவ்வளவு என்று கணக்கு. கூட ஆள் கிடையாது, மாலை டீ கிடையாது, சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் கேட்க சீனியர் கிடையாது. பணம் வருகிறது, மணிக்கட்டு வலியும் கூடவே வருகிறது.

அல்ட்ராசவுண்ட் மட்டும் இந்தத் தூரத்து வேலைக்குள் வராது. கருவிலேயே பெண் குழந்தையைக் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டப்படி, கருவியும் இடமும் டாக்டரும் பதிவு செய்யப்பட வேண்டும். 2012 விதித் திருத்தம், ஒரு டாக்டர் ஒரே மாவட்டத்துக்குள் அதிகபட்சம் இரண்டு மையங்களில்தான் அல்ட்ராசவுண்ட் செய்யலாம் என்று வரம்பு கட்டியது. ஸ்கேன் அறைக் கதவில் நாம் எல்லாரும் பார்த்திருக்கும் அந்த அறிவிப்புப் பலகையின் பின்னால் இவ்வளவு சங்கதி இருக்கிறது. படங்கள் உலகம் சுற்றும் காலத்தில், ஒரு சமூகக் குற்றத்தின் பொருட்டு ஒரு கருவி நகராமல் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. கட்டியது சரிதான்.

திரை வந்தபின் இன்னொன்றும் போனது. அதைப் பணத்தால் அளக்க முடியாது. பிலிம் காலத்தில் படம் ஒரே பிரதி. அதைப் பார்க்க வேண்டுமென்றால் சர்ஜனும் பிசிஷியனும் கீழ்த்தளத்து ரேடியாலஜி அறைக்கு இறங்கி வர வேண்டும். விளக்குப் பெட்டியின் முன் நாலு பேர் நின்று பேசுவார்கள். "நேத்து ராத்திரி ஜுரம் 103" என்று சர்ஜன் சொல்வது கோரிக்கைச் சீட்டில் எழுதியிருக்காது. அந்த ஒரு வாக்கியத்தில் ரேடியாலஜிஸ்ட் பார்த்துக்கொண்டிருக்கும் வெண்படலத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். படம் வார்டுக் கணினிக்கே வந்துவிட்ட பிறகு யாரும் இறங்கி வருவதில்லை. சீட்டில் "வயிற்றுவலி" என்று ஒரு சொல் வருகிறது, ரிப்போர்ட் ஒரு பக்கம் போகிறது.

இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு உள்ளே வருகிறது. புதிய விருந்தாளி இல்லை. மார்பக எக்ஸ்ரேயில் சந்தேகமான இடத்துக்குக் குறி போடும் மென்பொருளுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 1998லேயே அனுமதி கொடுத்தது. காப்பீடு அதற்குத் தனிக் கட்டணம் தந்ததால் ஊரெல்லாம் பரவியது. 2007இலும் 2015இலும் வந்த பெரிய ஆய்வுகள், அதனால் நோய் கண்டறிதல் மேம்படவில்லை என்று காட்டின. அது போட்ட குறிகளில் பெரும்பாலானவை வெறும் குறிகள். நாளுக்கு நூறு முறை பொய் அலாரம் அடித்தால் யார் எழுந்து பார்ப்பார்கள்?

அடுத்த தலைமுறை மென்பொருளுக்கு விதி எழுதிக் கொடுக்கவில்லை, படங்களைக் கொட்டிக் கொடுத்துத் தானே கற்க விட்டார்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த செக்ஸ்நெட், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சு எக்ஸ்ரேக்களில் பழகி, நிமோனியா கண்டுபிடிப்பதில் ரேடியாலஜிஸ்ட்களைத் தாண்டியதாக அறிவித்தது. மறு ஆண்டே ஜான் செக் என்பவரும் கூட்டாளிகளும் இத்தகைய மென்பொருள் எதைக் கற்கிறது என்று தோண்டிப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மருத்துவமனைகளில் ஒன்றான நியூயார்க் மவுண்ட் சைனாயில், எக்ஸ்ரே எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு நிமோனியா. மற்ற இரண்டு இடங்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான். இந்தப் படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தாலே பாதி மதிப்பெண் கிடைத்துவிடுமே! மென்பொருள் அதைத்தான் செய்தது. படத்தின் மூலையில் டெக்னீஷியன் வைக்கும் சிறு உலோக அடையாளம் அதற்குப் போதுமானதாக இருந்தது. நுரையீரலைப் பார்ப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, அது முகவரியைப் படித்துக்கொண்டிருந்தது.

கேலி செய்து ஒதுக்கிவிட முடியாதபடி பிறகு நல்ல முடிவுகளும் வந்தன. ஸ்வீடனில் 80,033 பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய மசாய் ஆய்வின் முதல் முடிவுகள் 2023இல் வெளியாயின. ஐரோப்பாவில் மார்பக எக்ஸ்ரேயை இரண்டு ரேடியாலஜிஸ்ட்கள் தனித்தனியே பார்ப்பது வழக்கம். ஆய்வில் ஒரு பிரிவுக்கு மென்பொருள் முதலில் பார்த்து, அபாயம் குறைந்த படத்தை ஒருவருக்கும், கூடியதை இருவருக்கும் அனுப்பியது. படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய்கள் குறையவில்லை, சற்றுக் கூடின: ஆயிரம் பேருக்கு ஐந்து என்பது ஆறானது. கொரில்லாவைத் தாண்டி ஓடும் கண்ணுக்கு இது உண்மையான ஒத்தாசை.

பக்கவாதத்தில் இன்னொரு வகை மாற்றம். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டதை சி.டி.யில் கண்டதும் நியூராலஜிஸ்ட்டின் கைப்பேசிக்கு நேரே தகவல் அனுப்பும் விஸ் என்ற மென்பொருளுக்கு 2018இல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. நிமிடத்துக்கு நிமிடம் மூளை செத்துக்கொண்டிருக்கும் நோயில் இந்த வேகம் பெரிய விஷயம். கூடவே, படத்தை முதலில் பார்ப்பவர் ரேடியாலஜிஸ்ட் என்ற நூற்றாண்டு வரிசையும் அங்கே குலைந்தது.

காசநோயில் கதையே வேறு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2021இல் உலக சுகாதார நிறுவனம், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயை மனிதருக்குப் பதிலாக மென்பொருளே படித்துச் சொல்லலாம் என்று பரிந்துரைத்தது. மூன்றரைக் கிலோ எடையில் கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. கிராமத்துப் பள்ளிக்கூடத் திண்ணையில் படம் எடுத்து, அங்கேயே மென்பொருள் சந்தேகம் சொல்ல, சுகாதாரப் பணியாளர் சளி மாதிரியைச் சேகரித்துக்கொள்கிறார். இங்கே யார் வேலையையும் யாரும் பறிக்கவில்லை, ஏனென்றால் அந்தத் திண்ணைக்கு எந்த ரேடியாலஜிஸ்ட்டும் வந்ததே இல்லை. டெக்னீஷியனின் மதிப்பு கூடியிருக்கிறது. நேராக நிற்க வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, சரியான படம் எடுத்துக் கொடுப்பது அவர்தான். படம் கோணினால் மென்பொருளின் தீர்ப்பும் கோணும்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஹிண்டன் காட்டிய இடத்தில் இல்லை. 2023இல் ஜெர்மனியில் 27 ரேடியாலஜிஸ்ட்களிடம் மார்பக எக்ஸ்ரேக்களைக் கொடுத்து, மென்பொருள் சொன்னதாகச் சில முடிவுகளையும் கூடவே காட்டினார்கள். சில முடிவுகள் வேண்டுமென்றே தவறாக வைக்கப்பட்டவை. மென்பொருள் சரியாகச் சொன்னபோது அனுபவம் குறைந்தவர்கள் ஏறத்தாழ 80 சதவீதம் சரியாக மதிப்பிட்டார்கள். தவறாகச் சொன்னபோது அது 20 சதவீதத்துக்கு இறங்கியது. நல்ல அனுபவசாலிகளும் 82லிருந்து 45க்கு வந்தார்கள். ஆனாலும் நல்ல அனுபவம் இருந்தவர்களுக்கு, பாதிக்குச் சற்றுக் குறைவான தடவையாவது, இல்லை, எனக்கு அப்படித் தெரியவில்லை என்று சொல்லும் தைரியம் இருந்தது.

அந்தத் தைரியம் எங்கே கிடைக்கிறது? எம்.டி. முதலாண்டு மாணவருக்குக் கிடைப்பது நார்மல் நெஞ்சு எக்ஸ்ரேக்கள். வேலைக்கு விண்ணப்பித்தவரின் படம், அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த படம், ஒன்றுமே இல்லாத இருமலுக்கு எடுத்த படம். நுரையீரல் உச்சி, இதயத்துக்குப் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே என்று நோய் ஒளிந்துகொள்ளும் மூலைகளை வரிசையாகத் தொட்டுவரக் கண் அதில்தான் பழகும். சலிப்பான வேலை. நார்மலின் ஆயிரம் முகங்களைப் பார்த்த கண்ணுக்குத்தான், நார்மல் இல்லாதது ஒன்று வந்தால் உறுத்தும். மென்பொருள் முதலில் எடுத்துக்கொள்ள விரும்புவதும் இதே படங்களைத்தான். லித்துவேனியாவின் ஆக்ஸிபிட் நிறுவனத்தின் மென்பொருளுக்கு, நார்மல் நெஞ்சு எக்ஸ்ரேக்களை மனிதர் பார்க்காமலே ரிப்போர்ட் செய்ய 2022இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்துவிட்டது. மருத்துவமனை நிர்வாகத்துக்கு இது லாபம். ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் சீனியர்களுக்கு நிம்மதி. மாணவருக்குத்தான் நஷ்டம், அது பத்து ஆண்டு கழித்துத்தான் வெளியே தெரியும்.

வழி இல்லாமல் இல்லை. மாணவர் முதலில் தன் முடிவை எழுதிவைத்துவிட்டுப் பிறகு மென்பொருளின் முடிவைத் திறப்பது என்று வரிசையை மாற்றலாம். மென்பொருள் தள்ளிவைத்த நார்மல் படங்களில் ஒரு பங்கை தினமும் மாணவர் பட்டியலில் கலந்துவிடலாம், எது நார்மல் என்று சொல்லாமல். இரண்டுக்கும் நேரம் பிடிக்கும். அந்தப் படங்களுக்கு ரிப்போர்ட் ஏற்கெனவே போய்விட்டதால் அந்த நேரத்துக்கு எந்த நோயாளியும் பணம் கட்ட மாட்டார், எந்தக் காப்பீடும் தராது. மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில் இந்தச் செலவுக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லி, கையெழுத்தாகும் முன்பே துறைத் தலைவர் கேட்டாக வேண்டும்.